பொதுப்பக்கத்தில் ஒரு ‘வாரேன்’

வெளியே கிளம்புகிறவன் ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான் என்பது தூத்துக்குடியில் நாலு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாமல் இருந்தது கடலுக்கடியில் கிடந்த அறுபத்துநாலு இரும்பு அறைகளுக்குத்தான்.

கரையிலிருந்து ஏழு மைல், இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்தில் அந்த அறைகளை இறக்கியிருந்தார்கள். உள்ளே அடுக்கடுக்காக சர்வர்கள். தெற்கே நாலு மாவட்டத்துக்கு ரயில் சிக்னல், துறைமுகத்துக் கிரேன், ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் அவற்றின் தயவில் ஓடின. கடல் தண்ணீர் சும்மா கிடக்கிறது, அதுவே குளிரவைக்கட்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்லியிருந்தான். துருவும் தீயும் அண்டாமல் இருக்க அறை முழுக்க நைட்ரஜன். பழுதுபார்க்க ஆள் இறங்கினால் மட்டும் அந்த ஒரு அறை நைட்ரஜனைத் தள்ளிவிட்டுக் காற்றை நிரப்பிக்கொள்ளும். தீ பயத்தால் தன் சர்வர்களையும் அணைத்துவிடும். அதன் வேலையைப் பக்கத்து அறைகள் பார்த்துக்கொள்ளும். ஆள் ஏறிப் போனதும் மறுபடி நைட்ரஜன்.

ஆள் வந்தானா போனானா என்பதை அறை குரலை வைத்துக் கண்டுபிடித்தது. கை நிறைய கிரீஸோடு நிற்கிறவன் பொத்தானைத் தேடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். இறங்குகிறவன் “வந்தாச்சு” என்பான், அறை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்து கிளம்புகிறவன் “வாரேன்” என்பான். அங்கேதான் வந்தது வம்பு. மெஷினைச் செய்தவர்கள் அகராதியைப் பார்த்து ‘வாரேன்’ என்றால் வருகிறான் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதனால் ஒருத்தன் கிளம்பும்போதெல்லாம் இன்னொருத்தன் வருகிறான் என்று நினைத்து அறை காற்றோடு காத்துக் கிடந்தது. நாள் கணக்கில் காத்துக் கிடந்து துருப்பிடித்தது.

இதைச் சரிசெய்யச் சொல்லி கம்பெனி ஜெபக்கனியிடம் விட்டது. சாயர்புரத்துக்காரி, முப்பத்தாறு வயசு, கரை அலுவலகத்தில் சர்வர்களின் பொதுப்பக்கம் அவள் பொறுப்பு. ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தால் விடமாட்டாள். நடுக்கடல் மேடைக்கே படகேறிப் போய், ரெண்டு வருஷத்துக் குரல் பதிவையும் போட்டுக் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தவன் இன்னாசி. கடலடி அறைகளில் பழுதுபார்ப்பவன், அவளைவிட ரெண்டு வயசு மூத்தவன், ஆளைக் கிண்டல் பண்ணாமல் அவனுக்குக் கடலை செரிக்காது.

“பதினோராயிரம் தடவை ஆள் வெளிய போயிருக்காவ அண்ணே. ஒருத்தர்கூட ‘போறேன்’னு சொல்லலையே?”

“சொல்லுவாவளா? கடல்ல தொழில் பாக்கிறவன் வாயில அந்தச் சொல்லு வருமா? நீயும் மேடையில நின்னுக்கிட்டு அதைச் சொல்லாத, தாயி.” அவன் நிஜமாகவே பதறினான். பிறகு சிரித்தான். “இது உங்க மெஷினுக்குத் தெரியலைன்னா அதைக் கொண்டுபோயி பள்ளிக்கூடத்துல சேரு. ஆமா, பொதுப்பக்கம் பொதுப்பக்கம்னு சொல்லுதியே, அது என்னது?”

“ஒவ்வொரு சர்வருக்கும் சொந்தமா ஒரு பக்கம் இருக்குண்ணே. இதுக்கு இப்படிச் செய், அதுக்கு அப்படிச் செய்னு அதுல எழுதியிருக்கும். எழுதாம விட்டதுக்கெல்லாம் பொதுப்பக்கத்தைப் பாத்துக்கிடும். அதுல ஒரு வரி மாத்தினா ரெண்டே நிமிஷத்துல அறுபத்துநாலும் மாறும். டீஃபால்ட்டும்பாங்க.”

“அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா நீ சொன்னதுதான்.”

“அதேதான்.”

“பாத்து எழுது தங்கச்சி.”

அவள் அன்று சாயங்காலமே எழுதினாள். ‘வாரேன்: வெளியேற்றம்.’ ஒரே வரி. ஆள் இல்லை என்று ஆனதும் விளக்கு, மைக், ஸ்பீக்கர் மூன்றும் அணைய வேண்டும், கதவு பூட்ட வேண்டும், நைட்ரஜன் ஏற வேண்டும். ரெண்டு நிமிஷத்தில் அறுபத்துநாலும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டன. துரு நின்றது. அலுவலகத்தில் மக்ரூன் பொட்டலம் பிரித்துக் கொடுத்தார்கள். அவள் புகைப்படத்தைச் சுவரில் மாட்டினார்கள், கண்ணை மூடியிருந்த படத்தைப் பார்த்து எடுத்து மாட்டினார்கள், அது வேறு விஷயம். நாலு மாசம் ஒரு குறையும் இல்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் அவள் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. மேற்கு மேடையிலிருந்து தொம்மை கூப்பிட்டார். மேடையின் மேற்பார்வை அவருடையது. போனில்கூடக் கடல்காற்றுக்கு மேலே கத்திப் பேசுகிற மனுஷர், இன்றைக்குக் குரலை இறக்கிப் பேசினார்.

“ஜெபா, இன்னாசி இருவத்திமூணாம் ரூமுக்கு இறங்கினான். கட்டளைப் பலகை பழுதுன்னு அதைக் கழட்டப் போனான். பன்னெண்டு நாப்பதுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். இன்னும் மேல வரல.”

“வேலை இழுத்திருக்கும்ணே. மறுபடி கூப்பிடுங்க.”

“கூப்பிட்டுப் பாத்துட்டேன். ஸ்பீக்கர் செத்துக் கிடக்கு.”

“ஸ்பீக்கர்ல சாப்பாட்டுக்குக் கூப்பிடுவீங்களா? லைட்டை மூணு தடவை அணைச்சு அணைச்சுப் போடுவீங்களே?”

“போன வாரந்தான் பொது ஸ்பீக்கர் கொடுத்தாவ. எல்லா ரூமுக்கும் ஒரே நேரத்துல கேக்கும். ‘உள்ள இருக்கவங்க சாப்பிட வாங்கப்பா’ன்னேன். எங்க மேடை ரூம்ல பேசினா எனக்குக் கேக்கும், அவனும் பதில் சொன்னான்.”

ஜெபக்கனி டப்பாவை மூடித் தள்ளி வைத்தாள்.

“என்ன பதில் சொன்னாரு? அவரு சொன்ன சொல்லையே சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்லுவான்? ‘இந்தா வாரேன்’னான்.”

ஐயோ, என்றாள். போனிலும் சொல்லவில்லை, வாய்விட்டும் சொல்லவில்லை, வயிற்றுக்குள் சொன்னாள். சாப்பிடக் கூப்பிட்டால் எவன்தான் வேறு பதில் சொல்வான்? போகும்போதும் வாரேன், வரும்போதும் வாரேன். பதினோராயிரம் தடவை கேட்டவளுக்கு இந்த ஒரு தடவை தோன்றவில்லை.

திரையில் இருபத்துமூன்றைத் திறந்தாள். ‘ஆள்: இல்லை. கதவு: பூட்டு. ஆக்சிஜன்: 16.4.’ அவள் பார்க்கப் பார்க்கவே 16.3 ஆனது. நூற்றுக்கு இருபத்தொன்றில் தொடங்கியிருக்கும். பத்துக்குக் கீழே போனால் ஆள் விழுந்துவிடுவான். நைட்ரஜனுக்கு மணமில்லை, தொண்டை அடைக்காது, மூச்சு முட்டாது. லேசாகத் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

அதற்குக் கீழே ஒரு மஞ்சள் வரி ஓடியது. ‘அறை 41: அவசரப் பொத்தான். ஆள் இல்லை. சென்சார் கோளாறாகப் பதியப்பட்டது.’ உப்பு படிந்து அந்தப் பொத்தான்கள் வாரத்துக்கு நாலு தடவை தானாகவே அழுத்திக்கொள்ளும். அவள் அதைத் தள்ளிவிட்டு மானேஜர் அறைக்கு ஓடினாள்.

மானேஜர் வித்யாசங்கர் சென்னைக்காரர். கெட்டவர் இல்லை. பிரச்சினை வந்தால் முதலில் எழுந்து கதவைச் சாத்துகிற ஆள். அப்போதும் கதவைச் சாத்தினார்.

“அந்த ரூமுக்கு மட்டும் காத்து விடச் சொல்லுங்க ஜெபா. இதுல என்ன இருக்கு?”

“ரூமுக்குக் கட்டளை போறது அந்தப் பலகை வழியா சார். அதைத்தான் அவர் கழட்டி வச்சிருக்கார். மீட்டர் மேல பேசுது, நாம சொல்றது கீழ போகாது. அவசரப் பொத்தானும் அதே பலகைலதான்.”

“மாஸ்க் வச்சிருப்பார்ல?”

“ஆளை இறக்குற தொட்டியிலேயே அதை விட்டுட்டுப் போவாங்க. உள்ள இடுக்குல அது இடிக்கும்னு.”

“டைவர்?”

“இறங்கி, ரூமோட ஒட்டி நின்னு, கதவை அறுக்க நாப்பது நிமிஷம். நமக்குப் பதினாலு நிமிஷம் இருக்கு. பொதுப்பக்கம் தனி லைன்ல போகுது சார். அது மட்டும் அந்த ரூமுக்குள்ள போகும். ‘வாரேன்’னா வர்றதுன்னு பழையபடி மாத்திட்டா, ரூம் கடைசியா கேட்ட சொல்லைத் திரும்பப் படிக்கும். ஆள் உள்ள இருக்கான்னு நினைச்சுக் காத்து விடும்.”

“மாத்துங்களேன்!”

“மத்த அறுபத்துமூணு ரூம்லயும் கடைசியா கேட்ட சொல்லு அதேதான் சார். ‘வாரேன்.’ எல்லாரும் அதைச் சொல்லிட்டுத்தான் ஏறினாங்க.”

அவருக்குப் புரிய மூன்று வினாடி ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லா ரூமும் காத்து நிரப்பும். எல்லா சர்வரும் அணையும்.”

“திரும்ப எழுப்ப நாப்பது நிமிஷம்.”

“நாலு மாவட்டம் ஜெபா. டிரெயின் ஓடிட்டிருக்கு. யாரோ ஒருத்தர் வயித்தைத் திறந்து வச்சிருப்பாங்க, அந்த மெஷின் நம்ம சர்வரை நம்பி இருக்கு. அங்க உயிர் போனா?”

“டிரெயின் நின்னுரும் சார், அப்படித்தான் எழுதியிருக்கு. ஆஸ்பத்திரியில டாக்டர் இருப்பாங்க, கை இருக்கு.”

“உயிர் போகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?”

“முடியாது.”

“பொதுப்பக்கத்துல ‘இருபத்துமூணு தவிர’ன்னு ஒரு வார்த்தை போட முடியாதா?”

“அதுல பேர் எழுத இடமே கிடையாது சார். அதுல எல்லாரும் உண்டு, இல்லைன்னா யாரும் இல்ல.”

அதைச் செய்தது அவளேதான். யாராவது தன் வீட்டு ஆளுக்காக விதியை வளைத்துவிடக்கூடாது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் அவளே அந்த இடத்தை அடைத்திருந்தாள். அதற்கும் அப்போது கை தட்டினார்கள்.

வித்யாசங்கர் போனை எடுத்தார். “மேலிடத்துல கேக்கறேன். ரெண்டே நிமிஷம். விதிப்படி எழுபத்திரண்டு மணி நேரம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், தெரியும்ல? தனியா மாத்தினா உங்க மேல கேஸ் வரும். நான் காப்பாத்த முடியாது.”

போனில் ஒரு பெண் குரல் காத்திருக்கச் சொன்னது. பிறகு வீணை வாசித்தார்கள். ஜெபக்கனி தன் இடத்துக்குத் திரும்பினாள். 13.2.

தொம்மை இன்னும் லைனில்தான் இருந்தார். “ஜெபா, அவன் கிண்டலுக்கு ஒளிஞ்சிருப்பானோ? போன வருஷம் அப்படிச் செஞ்சிருக்கான்.”

“இல்லண்ணே.”

“எனக்கும் தெரியும். சும்மா கேக்குதேன். கீழ இருட்டா இருக்கும்லா?”

இருட்டில், கழற்றிய பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து, ஏன் இப்படித் தூக்கம் வருகிறது என்று இன்னாசி நினைத்துக்கொண்டிருப்பான். பாத்து எழுது தங்கச்சி என்றானே பாவி, பார்க்காமல் எழுதினேனே என்று அவளுக்கு அவளைப் பிடித்து அறையவேண்டும்போல இருந்தது. இந்தப் பக்கம் முகம் தெரிந்த ஒருத்தன். அந்தப் பக்கம் முகம் தெரியாத எத்தனையோ பேர், அவர்களும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வாரேன் என்கிறவர்கள்தானே. கணக்குப் போட்டால் கணக்கு வராது. வரவும் வேண்டாம். பூட்டினது நான், நானே திறக்கிறேன், மற்றதற்கு நானே பதில் சொல்கிறேன் என்று அவள் முடிவுக்கு வந்தபோது திரையில் 12.5.

அந்த வரியை அழித்தாள். எழுதினாள். ‘வாரேன்: வருகை.’ ‘உடனடி மாற்றம். நோட்டீஸ் இல்லை. பொறுப்பு யார்?’ என்று கேட்டது. ஜெ. ஜெபக்கனி என்று அடித்தாள். ஒரு தடவை எழுத்து தப்பாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். அடுத்த அறையில் வீணை முடியவில்லை.

ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அறைகள் பொதுப்பக்கத்தைப் படிக்கும். 12.1. 11.8. 11.5. தொம்மை மாதாவைக் கூப்பிட்டு ஏதோ முணுமுணுப்பது காதில் விழுந்தது. 11.2. பிறகு எண் அசையாமல் நின்றது. 11.2. 11.2. 11.4.

திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வரிகள் மாறத் தொடங்கின. அறை 1, ஆள்: உண்டு. அறை 2, ஆள்: உண்டு. மூன்று, நாலு, ஐந்து. அறுபத்துநாலு அறையிலும் விளக்கு எரிந்தது, அறுபத்துநாலு கதவும் பூட்டு அவிழ்ந்தது, அறுபத்துநாலு மைக்கும் திறந்துகொண்டது. அலுவலகத்து போன்கள் ஒவ்வொன்றாக அலறின. எதையும் யாரும் எடுக்கவில்லை.

“இன்னாசிண்ணே!” என்று பொது ஸ்பீக்கரில் கத்தினாள். “எந்திரிங்க! ஒண்ணும் பதில் சொல்லாதீங்க, கதவைத் தட்டுங்க போதும்!”

இரைச்சல். காற்று ஏறுகிற சத்தம். பிறகு ஒரு இருமல், இன்னொரு இருமல், இரும்பில் ஏதோ விழுந்த சத்தம்.

“எவம்ல லைட்டை அணைச்சது?” என்றது இன்னாசியின் குரல், குடித்தவன் குரல் மாதிரி குழறிக்கொண்டு. “தல வலி உயிர் போவுது. தட்டுறதா? கை தூக்க முடியல தங்கச்சி.”

தொம்மை ஓவென்று அழுதுவிட்டார். அறுபது வயசு மனுஷர், மேடையில் பத்துப் பேர் பார்க்க அழுதார். ஜெபக்கனி மேஜையில் தலை வைத்துச் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வித்யாசங்கர் கதவருகே வந்து நின்றார். கையில் இன்னும் போன், இன்னும் வீணை.

“என்ன பண்ணிட்டீங்க ஜெபா,” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. அடுத்த வாக்கியத்தை அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்பீக்கரில் அந்த இன்னொரு குரல் வந்தது. மெலிந்த குரல். சோர்ந்து போயிருந்தது.

“அண்ணே... சாப்பாடு தீந்துட்டா?”

“யாருல அது?” என்றார் தொம்மை. “இன்னாசி, உன்கூட யாரு?”

“என்கூட எவனும் இல்லண்ணே.”

ஜெபக்கனி திரையைப் பார்த்தாள். நாற்பத்தொன்றாம் அறையின் மைக் துடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் வரி. அவசரப் பொத்தான். சென்சார் கோளாறு.

“நாப்பத்தொண்ணுல யாரு?”

“உச்சிமாகாளிங்க. கிழக்கு மேடையில கிளீனிங் காண்டிராக்டு. முதலாளி காலையில இறக்கி விட்டுட்டுக் கரைக்குப் போயிட்டாரு. சாப்பிடக் கூப்பிட்டாங்க, வாரேன்னு சொன்னேன். உடனே லைட்டு போச்சு. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பாத்தேன், ஒருத்தரும் வரல. அப்படியே கண்ணசந்துட்டேன் போல. சாப்பாடு இல்லன்னாலும் பரவால்லங்க,” என்றான்.

வித்யாசங்கர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அனுமதி இருந்தது எட்டு ஆளுக்கு, காண்டிராக்டர் இறக்கியது ஒன்பது; எட்டுப் பேரும் மதியத்துக்கு முன்னாலேயே ஏறியிருந்தார்கள். ஒன்பதாவது ஆளின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. இருபத்துமூன்றாம் அறையை மட்டும் காப்பாற்ற வழி இருந்திருந்தால் ஜெபக்கனி அதை மட்டும்தான் காப்பாற்றியிருப்பாள். நாற்பத்தொன்றைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டாள். இதை அவள் பிறகு விசாரணையில் தானாகவே சொன்னாள், யாரும் கேட்கவில்லை.

சர்வர்கள் எழ நாற்பத்திரண்டு நிமிஷம் ஆனது. பதினேழு ரயில்கள் வெயிலில் நின்றன. துறைமுகத்தில் ஒரு கிரேன் கொள்கலனோடு அந்தரத்தில் நின்றது. ஒன்பது தியேட்டர்களில் டாக்டர்கள் கையால் தைத்தார்கள். ஒரு ஊரில் அறுபத்தோரு வயசுக்காரர் ஒருவர் மேஜையிலேயே இறந்துபோனார். மெஷின் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று ரெண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள், பிழைத்திருப்பார் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஜெபக்கனி மூன்று கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படித்தாள். மூன்றாவதைத்தான் பலதடவை படித்தாள். பையில் வைத்திருந்தவள் பிறகு எங்கும் எடுத்துக் காட்டவில்லை.

விசாரணைக் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். “நாற்பத்தொன்றில் ஆள் இருப்பது தெரியாமல்தானே செய்தீர்கள்?”

“தெரியாது சார். இல்லைன்னு நினைச்சேன். ‘வாரேன்’னு கேட்டா ஆள் இல்லைன்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன்.”

வேலை போனது. கேஸ் போடாமல் விட்டதே பெரிசு என்றார் வித்யாசங்கர், அவளுக்காக எங்கோ பேசியிருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. போகும் முன்னால் பொதுப்பக்கத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தாள். எழுதியது ஒரே வரிதான். ‘வாசலில் நின்று சொல்லும் வாரேன் மட்டும் வெளியேற்றம்; சொன்னது புரியாவிட்டாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும்: ஆள் உண்டு.’ கடலடி அறைகளுக்கு மட்டும் இல்லாமல் கம்பெனியின் எல்லாக் கதவுக்கும் அதையே போட்டார்கள். துரு பிடித்தால் பிடிக்கட்டும், துடைத்துக்கொள்ளலாம் என்று மேலிடமே சொல்லிவிட்டது.

கடைசி நாள் மூன்று மணிக்கு மேஜையைக் காலி செய்தாள். சுவரிலிருந்த படத்தை எடுத்துப் பைக்குள் செருகினாள். வித்யாசங்கர் வாசல் வரைக்கும் கூடவே வந்துவிட்டுத் திரும்பிப் போனார். அலுவலகக் கதவும் அறைகளைப் போலக் குரல் கேட்கிற கதவுதான், அதன் பச்சை விளக்கு அவளுக்காகக் காத்திருந்தது. நாலு வருஷமாகத் தினமும் சொன்ன சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. திரும்பி வரப்போவதில்லையே, பிறகென்ன வாரேன் என்று ஒரு வீம்பு. பிறந்ததிலிருந்து வாயில் எடுக்காத சொல்லை எடுத்தாள்.

“போறேன்.”

“புரியவில்லை. மீண்டும் சொல்லவும்,” என்றது கதவு. பாவம், அதுவும்தான் எங்கே கேட்டிருக்கிறது. அவள் மீண்டும் சொல்லவில்லை. தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஒரு மாசம் கழித்து இன்னாசி போன் பண்ணினான். உச்சிமாகாளி இப்போது மேற்கு மேடையில் நிரந்தர ஆள், பதிவில் பெயர் ஏறிவிட்டது, ரெண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிடுகிறான் என்றெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தணித்தான்.

“ஏம் தங்கச்சி, அன்னைக்குக் கிளம்பும்போது கதவுகிட்ட என்ன சொல்லித் தொலைச்ச? ராத்திரி பகலா உன் சீட்டு மேல லைட்டு எரியுதாம், ஃபேன் ஓடுதாம். அணைக்கப் போனா ‘ஆள் இருக்கு’ன்னு அணைக்க விட மாட்டேங்குதாம்.”